புளியந்தோப்பு சாமி

வாங்க தம்பி, வாங்க. கடைசியா நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? நாலு நாளா ஆவரங்குடிக்குள்ள சுத்துறீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? மொத நாளு கோவிலு. ரெண்டாம் நாளு அடைக்கலம் பிள்ளை வீடு, சாப்பாடும் அங்கதான், முருங்கைக்காய்க் கொழம்பு. மூணாம் நாளு பூரா சேரியில. இன்னைக்குத்தான் நான். நம்ம பெரிய குரு மேத்திராணியாருக்குச் சோறு ஆக்கிப் போட ஆளு பாத்தவன் நான், நாக்குல தமிழ் பழக்கிவிட்டவன் நான், காய்ச்ச வந்தப்ப விசிறினவன் நான். நான் நாலாம் நாளு.

சரி, உக்காருங்க. அந்தப் பாயில வேணாம், இந்தப் பாயில. கால் கழுவிட்டுத்தான வந்தீங்க? இல்ல, நேத்து சேரியில இருந்தீங்களே, அதுக்காகக் கேட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு பொழுது தாண்டிருச்சு, பரவாயில்ல. ஆனாலும் அந்தச் செம்புல தண்ணி இருக்கு பாருங்க.

நீங்க கடக்கரைப் பக்கமா? கடக்கரைன்னா... எந்தத் தெரு? சரி சரி, கேக்கல. எழுதுங்க.

மேத்திராணியார் சரித்திரம் எழுதி ரோமாபுரிக்கு அனுப்பப் போறீங்களாமே. கப்பலேறிப் போகுமாமே. நல்லது, போகட்டும். ஆனா போறது சரியாப் போகணும்ல? சேரி வியாகுலன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருப்பான். என்ன சொன்னான்? வேணாம், சொல்லாதீங்க. அவன் எப்படிச் சொல்லியிருப்பான்னு நான் சொல்றேன். தலையக் கவுந்துக்கிட்டு, மூக்க ஒருதரம் உறிஞ்சிட்டு, "எங்களுக்கு என்னங்கய்யா தெரியும், சாமி மகராசன் போயிட்டாரு..." அப்புறம் தெரியாததையெல்லாம் ஒரு நாளு பூரா சொல்லியிருப்பான். சிரிக்கிறீங்க. அப்படியே இருக்குல்ல? எனக்கு அது ஒரு வரம் தம்பி. ஒருத்தரு பேசி ஒருதரம் காதுல விழுந்தாப் போதும், சாகுற வரைக்கும் மறக்காது.

என் பேரு ஞானாதிக்கம். இந்தக் கோவிலுக்கு உபதேசியாரு. மேத்திராணியாரு வர்றதுக்கு முன்ன சாமியார் வரிசையில மூணு பேரு இங்க இருந்தாங்க, மூணு பேருக்கும் நான்தான் உபதேசியாரு. இருபத்திரெண்டு வருஷம். சாமியார் பூசை வைப்பாரு, மத்ததெல்லாம் நானு. மந்திரம் சொல்லிக் குடுக்குறது, ஞானஸ்நானத்துக்குப் புள்ளைகளத் தயார் பண்றது, யாரு எந்த வாசல்ல வரணும், யாரு எங்க உக்காரணும்ங்கிறது. எங்க கோவிலுக்கு ரெண்டு வாசலு, பாத்தீங்களா? நடுவுல ஒரு சுவரு இருந்துச்சு, ஆளு ஒசரம். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. சர்வேசுரன் ரெண்டு பக்கமும் இருந்தாரு, யாரும் இல்லேன்னு சொல்லல. நற்கருணை குடுக்குறப்ப மொதல்ல இந்தப் பக்கம், அப்புறம் சாமியார் அந்தச் சுவருல இருந்த சந்து வழியா கைய நீட்டிக் குடுப்பாரு. ஒரு சண்டை இல்ல, ஒரு சச்சரவு இல்ல. அந்தச் சந்த அளந்து வெட்டச் சொன்னது நான்.

இன்னொரு ஏற்பாடும் இருந்துச்சு. அத நீங்க விளக்கமா எழுதணும். சேரியில ஒருத்தரு சாகக் கெடந்தா, சாமியார் அங்க போக முடியாது. போனா அவரு தீட்டாயிருவாரு, அவரு கையால நாங்க நற்கருணை வாங்க முடியாது. அதுக்காக அவங்கள அப்படியே விட்டுற முடியுமா? நாங்களும் கிறிஸ்தவங்கதான? சாகுறப்ப எண்ணெ பூசுற அவஸ்தைப்பூசுதல் இல்லாம ஒரு ஆத்துமா போகலாமா? அதுக்குத்தான் புளியந்தோப்பு. ஊருக்கும் சேரிக்கும் நடுவுல. சீக்காளியக் கட்டிலோட தூக்கிட்டு வந்து தோப்புல வச்சிரணும். சாமியார் இந்தப் பக்கத்துலேர்ந்து குடையோட வருவாரு. காத்து எங்கேர்ந்து அடிக்குதுன்னு பாத்து அவரு எந்தப் பக்கம் நிக்கணும்னு நான் சொல்லுவேன். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளிக்குச்சி, நுனியில பஞ்சு. மந்திரிச்ச எண்ணெயில தொட்டு, கண்ணு, காது, மூக்கு, வாயி, கை, காலு. முடிஞ்சுது. மேல படாம, ஒரு குறை இல்லாம.

தூக்கிட்டு வர்ற வழியிலயே செத்தவங்க எத்தனை பேருன்னு வியாகுலன் கூட்டிச் சொல்லியிருப்பான். பொய்யி. என் காலத்துல ஒம்பது பேரு. இருபத்திரெண்டு வருஷத்துல ஒம்பதுதான். மழைக்காலத்தையும் சேத்து.

இப்படி ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்த ஊருலதான் மேத்திராணியார் வந்து எறங்குனாரு. குருமாருக்கெல்லாம் பெரிய குரு. தொம் மத்தேயுசுன்னு சொந்தப் பேரு, எங்க யாரு வாயிலயும் நொழையல. மேத்திராணியாருன்னே கூப்பிட்டோம். நவாபு படை வந்து போனதுக்கு அடுத்த வருஷம். கடக்கரையில மாளிகை இருக்கு, மெத்தை இருக்கு, அத விட்டுட்டு இங்க எதுக்கு வந்தாருன்னு யாருக்கும் புரியல. எலும்பும் தோலுமா ஒரு மனுசன். தாடி மட்டும் தனியா வந்த மாதிரி இருக்கும்.

தமிழ கப்பல்லயே படிச்சிட்டு வந்தாராம். எதுலேர்ந்து? ஏட்டுலேர்ந்து! வந்த அன்னைக்கு என்னைப் பாத்து, இதோ, இப்படி ஒரு வெரல மேல தூக்கி, "உபதேசியாரே. யான். பசித்தேன். அன்னம். உளதோ?" நான் அன்னத்துக்குப் போறதா, கும்புடுறதான்னு தெரியாம நின்னேன். சந்தையில கத்தரிக்கா விக்கிறவகிட்ட போயி, "அம்மணீ! இக்காய் நும் கழனியில் விளைந்ததோ?" அவ கூடையத் தூக்கிட்டு ஓடிட்டா. நான்தான் ஒக்கார வச்சு, "சாமி, 'சோறு இருக்கா'ன்னா போதும், 'இது என்ன வெலை'ன்னா போதும்"னு ஒவ்வொண்ணா மாத்துனேன். அதெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு? ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

மறுநாளு காலையில கோவிலுக்குள்ள நொழைஞ்சாரு. சுவரப் பாத்தாரு.

"இஃது யாது?"

"சுவரு, சாமி."

"எதன் பொருட்டு?"

"காத்துக்கு."

"காற்று வருதற்கா?"

"வராம இருக்க, சாமி."

அவருகிட்ட ஒரு பழக்கம். பாப்பாரு. இதோ... இம்புட்டு நேரம்... பாப்பாரு. நமக்கு வேர்த்துரும். அப்புறம் திரும்பிப் போயிருவாரு. அந்தப் பார்வைய மட்டும்தான் என்னால செஞ்சு காட்ட முடியாது.

அப்புறந்தான் ரோமாபுரி கட்டளைன்னு ஒண்ண எடுத்துப் படிச்சாரு. இனிமே தோப்பு கிடையாதாம். சேரியில யாரு சாகக் கெடந்தாலும் குருவானவரு குடிசைக்குள்ள போயி, பக்கத்துல உக்காந்து, கையால தொட்டுப் பூசணுமாம். குச்சி கூடாதாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கே பயம்.

அன்னைக்குச் சாயங்காலம் அடைக்கலம் பிள்ளை வந்தாரு. ஊருல பெரிய தலைக்கட்டு. என் மக கித்தேரிய அவரு மகனுக்குப் பேசி முடிச்சு, பரிசம் போட்டு, ஆவணியில கல்யாணம்னு வச்சிருந்தோம். அவரு பேசுற விதத்தக் கேக்கணும் நீங்க. பாக்குவெட்டி இல்லாம பேச மாட்டாரு. "சம்பந்தி. (டக்.) அந்த வெள்ளைக்காரரு சேரிக் குடிசையில. (டக்.) ஒரு காலு வச்சாரு. (டக்.) அறுவது குடும்பமும் கோவில விட்டு வெளிய. பழைய சாமியெல்லாம் எங்கயும் போயிறல, அங்கயேதான் நிக்குது. (டக்.) என் மகனும் அந்த அறுவதுல ஒருத்தன். (டக்.) நீங்க கெட்டிக்காரரு. பாத்துக்கிடுங்க."

பாத்துக்கிடுங்கன்னா என்ன தம்பி? கட்டளை போட்டது ரோமாபுரி. வந்திருக்கிறது மேத்திராணியாரு. பாத்துக்கிட வேண்டியது ஞானாதிக்கம். அறுவது குடும்பத்து ஆத்துமாவும் என் மக கழுத்துத் தாலியும் என் தலையில. நான் என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க?

ஆடி மாசம் பதினெட்டுக்கு முன்ன. காலையில மேத்திராணியாரு கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. வியாகுலன் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறான். "ஐயாவோவ்! சந்தியாயிக்கு முடியலங்கய்யா! கண்ணு சொருகுது! எண்ணெ பூசணும்னு கேக்குதுங்கய்யா!" அவன் பொண்டாட்டி சந்தியாயி. புள்ளை பெத்து நாலாம் நாளு, ரத்தம் நிக்கல, காய்ச்ச. நான் வழக்கம்போல, "கட்டில எடுத்து தோப்புக்குக் கொண்டாடா"ன்னேன். "தூக்குனா போயிரும்ங்கய்யா, திருப்பிக்கூட படுக்க வைக்க முடியல"ங்கிறான். மேத்திராணியாரு கஞ்சியக் கீழ வச்சாரு. எண்ணெச் சிமிழ எடுத்தாரு. குச்சிய எடுக்கல. "நீ முன்னே போ. நான் வருவேன்" அப்படின்னாரு அவன்கிட்ட. அவன் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுறான், பொண்டாட்டிகிட்ட சொல்ல.

நான் பின்னாடியே போனேன். தெருவுல ஒவ்வொரு வாசல்லயும் ஆளு. ஒருத்தரும் கும்புடல. அடைக்கலம் பிள்ளை வீட்டு வாசல்ல அவரு நிக்கிறாரு, கையில பாக்குவெட்டி, ஆனா வெட்டல. தோப்பு வந்ததும் நான் மேத்திராணியாரு கால்ல விழுந்துட்டேன். "சாமி, நீங்களே காய்ச்சக்காரரு. வாய்க்கா ஒடஞ்சு முழங்கா மட்டும் சேறு. இப்படி நெழல்ல நில்லுங்க. நான் போயி வழி பாத்துட்டு, வீட்ட ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டு ஓடியாந்துர்றேன்." பாத்தாரு. அதே பார்வை. அப்புறம், "விரைந்து மீள்க" அப்படின்னாரு.

நான் விரைஞ்சுதான் போனேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்னேன். நான் எப்படி அதத் தாண்டுறது? அந்தப் பக்கம் வியாகுலன் குடிசை. உள்ள பொம்பளைங்க அழுகுற சத்தம். நீங்களே சொல்லுங்க தம்பி, பொம்பளைங்க கூட்டமா அழுதா என்ன அர்த்தம்? முடிஞ்சு போச்சுன்னுதான? திரும்பி வந்தேன். "சாமி, செத்துட்டா. இப்பத்தான்"னேன். நடந்தது அம்புட்டுதான். எழுதுங்க: அழுகைச் சத்தத்தைக் கேட்டு இறந்துவிட்டதாக எண்ணி. 'எண்ணி'ங்கிறத மறக்காம போடுங்க. நல்லாத் தெரியிற மாதிரி போடுங்க.

மேத்திராணியாரு என்னையப் பாத்தாரு. அப்புறம் அந்த இடத்துலயே முழங்கால்ல நின்னு, அவ ஆத்துமாவுக்காகச் செபம் சொன்னாரு. ரொம்ப நேரம் சொன்னாரு. எழுந்திரிச்சாரு. வீட்டுக்கு வந்துட்டோம். தெருவுல அறுவது குடும்பமும் கும்புட்டுச்சு. அடைக்கலம் பிள்ளை எனக்கு ஒரு வெத்தலைச் சுருளு குடுத்தனுப்பிச்சாரு.

உச்சிப்பொழுது. வியாகுலன் மறுபடி வந்தான். இந்தத் தடவ வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கல. நேரா வாசப்படி வரைக்கும் வந்துட்டான். கத்தவும் இல்ல. மெதுவா, "சாமி, வாரேன்னீங்களே. அவ இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு கெடக்கா" அப்படின்னான்.

மேத்திராணியாரு ஓடுனாரு. குடை இல்ல, செருப்பு இல்ல. சேறு, வாய்க்கா, எல்லாத்துலயும் விழுந்து எந்திரிச்சு. தெருவே பாத்துச்சு. அவரு போறதுக்குள்ள அவ போயிட்டா. ஒடம்புல சூடு இருந்துச்சாம். அந்தக் குடிசைக்குள்ள பொழுது சாயிற வரைக்கும் உக்காந்துட்டாரு. மறுநாளு பாடையத் தோள்ல தூக்குனாரு. ஒரு மேத்திராணியாரு! முன்பக்கம் வலது கைப் பக்கம் அவரு, இடது கைப் பக்கம் வியாகுலன். வியாகுலன் குட்டை, பாடை சாய்ஞ்சே போச்சு.

அறுவது குடும்பமும் கோவில விட்டுப் போயிருச்சு. பரிசப் புடவை திரும்பி வந்துச்சு. கித்தேரி அத வாங்கி, மடிச்சு, பொட்டியில வச்சா. ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. என்கிட்ட பேச்ச மட்டும் நிறுத்திட்டா. பதினோரு வருஷமாச்சு. கல்யாணம் நின்ன வருத்தம். உங்களுக்கு மோரு கொண்டாந்து வச்சாளே, அவதான். என் மூஞ்சியப் பாத்தாளா? சந்தியாயி பெத்த புள்ளை பொழைச்சுக்கிச்சு, பொட்டப்புள்ளை. அதுக்கு இவ கோவில் வாசல்ல வச்சுத் தலை சீவி விடுறா. ஊரே பாக்க. என்னைய அவமானப்படுத்துறதுக்குன்னே.

போன அறுவது குடும்பம் என்னாச்சுன்னு கேக்கலியே நீங்க. எங்க போகும்? ஆறு மாசம். அடைக்கலம் பிள்ளை சம்சாரத்துக்கு வயித்துல கட்டி வந்துச்சு. எண்ணெ பூசணும்னு அந்தம்மா ஒரே அழுகை. மேத்திராணியாரு போனாரு, அதே கையால பூசுனாரு, அந்தம்மா கண்ண மூடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை அடைக்கலம் பிள்ளை மொத வரிசையில. அவரு பின்னாடி மத்தவங்க, ஒவ்வொருத்தரா. சுவர இடிச்சப்பக்கூட ரெண்டு பேருதான் மொனகுனாங்க. இம்புட்டுதானா தம்பி? இம்புட்டுக்குத்தானா நான்? அடைக்கலம் பிள்ளை இன்னைக்கும் என் வாசல்ல நின்னு பேசுறதில்ல. கேட்டா, "ஒரு காரியம் சொன்னேன், அதுவும் உம்மால ஆகல"ங்கிறாரு. சேரியில கேட்டா காறித் துப்புறாங்க. ரெண்டு பக்கமும் சேந்துருச்சு. சேராத ஒரே ஆளு நான்தான்.

மேத்திராணியாரு என்னைய வேலைய விட்டு எடுப்பாருன்னு நெனைச்சேன். எடுக்கல. அதுதான் கொடுமை. எடுத்திருந்தா ஒரு மரியாதை. "உபதேசியாரே"ன்னுதான் கூப்புட்டாரு கடைசி வரைக்கும். ஆனா ஒரு வேலையும் சொல்லல. எங்கயும் முன்னால அனுப்பல. யாராவது சாகக் கெடக்காங்கன்னா அவரே போயிருவாரு, யாரையும் கேக்க மாட்டாரு. மழையில, வெயில்ல. பேச்சும் மாறிப்போச்சு. நான் பாடுபட்டுப் பழக்குன பேச்சு போயி, "ஏ புள்ள, கஞ்சி குடிச்சியா"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. சேரிப் பேச்சு! ஒரு மேத்திராணியாரு வாயிலேர்ந்து!

அதுல பாருங்க, வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உச்சிப்பொழுதுல அந்தப் புளியந்தோப்புக்குப் போயி, நெழல்ல இல்ல, வெயில்ல, முழங்கால்ல நிப்பாரு. ஒரு நாழிகை. ஏன்னு யாருகிட்டயும் சொல்லல. சனங்க தபசுன்னாங்க. புளியந்தோப்பு சாமின்னு பேரு வச்சிட்டாங்க. அந்த வழியாப் போறவன் வர்றவன் எல்லாம் அவரப் பாப்பான், அப்புறம் திரும்பி என் வீட்டப் பாப்பான். என் வீட்டு வாசல்லேர்ந்து தோப்பு நேராத் தெரியும் தம்பி, எட்டிப் பாருங்க, தெரியுதா? பதினோரு வருஷம், ஒரு வாரம் தப்பாம. போன சித்திரையில அந்த வெயில்லதான் சாய்ஞ்சாரு. என்னையத் தண்டிக்கிறதுன்னா கூப்புட்டு ரெண்டு அறை விட்டிருக்கலாம். வாங்கிட்டுப் போயிருப்பேன். எதுக்கு இப்படி எதுத்தாப்புல நின்னு சாகணும்?

பாவசங்கீர்த்தனத்துக்கு நான் வேற யாருகிட்ட போறது? அவருதான் இருக்காரு. வருஷா வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு முன்ன, தபசு காலத்துல, போயி முழங்கால் போடுவேன். கோவம் வந்துச்சு சாமி. வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டேன் சாமி. ஒருதரம் கள்ளு. எல்லாம் கேப்பாரு. முடிச்சதும், "வேற?"

"அம்புட்டுதான் சாமி."

மரத்துல காக்கா கத்தும். மறுபடி மெதுவா, "வேற?"

"ஒண்ணும் இல்ல சாமி."

மன்னிப்புச் சொல்லி அனுப்பிருவாரு. அடுத்த வருஷம் அதே. "வேற?" பதினோரு பாஸ்கு. அவரும் விடல, நானும் விடல. வேற என்ன இருக்கு சொல்றதுக்கு? அழுகைச் சத்தம் கேட்டு எண்ணிட்டேன். எண்ணுறது ஒரு பாவமா?

என்ன தம்பி, குடிசைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு வியாகுலன் சரியாச் சொல்லலியா? அழுகையா வந்துருச்சாமா அவனுக்கு? அவனுக்குச் சொல்லத் தெரியாது. கோர்வையா வராது. கேளுங்க, நான் சொல்றேன், அப்படியே நேர்ல பாத்த மாதிரி இருக்கும். பொம்பளைங்க ஒருபக்கம் மூக்கச் சிந்துறாங்க. ஒருத்தி, "அடியே, கண்ணத் தொறடி, கண்ணத் தொறடி"ங்கிறா. வியாகுலன் ஓடியாந்த எளைப்பு இன்னும் அடங்காம சொல்றான்: "புள்ள... வர்றாரு புள்ள... சாமி இந்நேரம் தோப்புகிட்ட வந்திருப்பாரு... கொஞ்சம் தாங்கிக்க." அதுக்கு அவ, குரலு நூலு மாதிரி, ஆனா தெளிவா: "சாமியா? நம்ம வீட்டுக்கா? ஐயோ, என்னைய எந்திரிச்சு உக்கார வைங்க. இப்படியா கெடக்குறது சாமி வரும்போது? அந்தச் சீலைய இழுத்து விடுங்க. அந்தப் பானைய ஒதுக்கி வைங்க. சாமி எங்க உக்காருவாரு?"

ஏன் எழுதுறத நிறுத்திட்டீங்க?

வியாகுலன்தான் பின்னாடி சொன்னான். எப்பவோ சொன்னான். என்கிட்ட பேசுறதில்லைங்கிறானா? வேற யாராவது சொல்லியிருப்பாங்க. ஊருல ஆயிரம் பேரு... சரி, காதுல விழுந்துச்சு. இப்ப என்ன? வாய்க்கா என்ன சமுத்திரமா? இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் பேசுறது விழாம என்ன செய்யும்? விழுந்துச்சு. அவ எப்படியும் சாகப்போறவதான? உச்சிப்பொழுதுல போனா, நான் காலையில சொன்னேன். கொஞ்சம் முன்ன, அம்புட்டுதான வித்தியாசம்? அதுக்கு அறுவது குடும்பத்த பலி குடுக்குறதா?

நீங்களும் அந்த ஆளு மாதிரி பாக்காதீங்க.

அது என்ன, பைக்குள்ளேர்ந்து எடுக்குறீங்க? மேத்திராணியாரு கையெழுத்தா? அவரு பொட்டியில இருந்துச்சா? இத மொதல்லயே எடுத்திருக்கலாமே! என் பேரு இருக்குமே அதுல. இல்லாம எப்படி இருக்கும்? எத்தனை எடத்துல இருக்கு? தூக்கிப் புடிங்க... எனக்குக் கண்ணு மங்கல், நீங்களே படிங்க. ஏட்டுத் தமிழ்லதான் எழுதியிருப்பாரு, பரவாயில்ல, படிங்க.

"...ஒரு பெண் சாகக் கிடக்கையில் யான் தோப்பில் நின்றேன். அவள் இறந்தாள் என ஒருவன் வந்து கூறினான்..."

ம்.

"...அவன் முகத்தைக் கண்டேன். அவன் கூறியது பொய் என அறிந்தேன். அறிந்தும் என் நெஞ்சு ஆறுதல் கொண்டது. அறுபது குடும்பமும் போகா என எண்ணினேன். ஆதலின் முழந்தாளிட்டேன். உயிரோடிருந்தவளை இறந்தவளாக வைத்துச் செபித்தேன். இப்பாவம் எனது. வேறொருவர்க்கும் இதில் பங்கில்லை."

அப்புறம்?

அடுத்த பக்கத்தப் பாருங்க. திருப்பிப் பாருங்க நல்லா. அம்புட்டுதானா? வேற?

தெரிஞ்சே முழங்கால் போட்டாரா? தெரிஞ்சுதான் 'வேற, வேற'ன்னு கேட்டாரா? அப்ப அந்த வெயில்ல நின்னது எனக்காக இல்லியா? என்னையப் பாக்க வச்சு நிக்கலியா? நான் பாத்தனா இல்லியான்னுகூட அவருக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து வேர்த்தனே தம்பி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை!

ஒருவன்! ஒருவன் வந்து கூறினான்! யாரு அந்த ஒருவன்? வழியில போற ஒருவனா? மாடு மேய்க்கிற ஒருவனா? வேறொருவர்க்கும் பங்கில்லையாம். பங்கில்லையா? வாய்க்கா வரைக்கும் நடந்தது யாரு? அவ குரல இன்னைக்கும் காதுல வச்சிக்கிட்டு இருக்குறது யாரு? எம்மக என்கிட்ட பேசாம இருக்குறது அவருக்காகவா, எனக்காகவா? உசுரோட இருந்தப்ப ஒரு வேலையும் தரல. செத்தப்புறம் நான் செஞ்ச ஒரே காரியத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரா? யாரு குடுத்தது அவருக்கு உரிமை? அது என்னோடது! ரோமாபுரியில கேப்பாங்கல்ல, யாருய்யா அந்த ஒருவன்னு? நீங்க என்ன சொல்வீங்க?

கித்தேரி, நீ உள்ள போ. போகலியா? நில்லு. நின்னு கேளு.

தம்பி, புதுத் தாளு எடுங்க. அந்த 'எண்ணி'ய அடிச்சிருங்க. நான் சொல்றத அப்படியே எழுதுங்க. ஆவரங்குடி உபதேசியார் ஞானாதிக்கம் பிள்ளை. சந்தியாயி உசுரோட இருக்கான்னு தெரியும். அவ பேசுறத ரெண்டு காதாலயும் கேட்டான். கேட்டுட்டு வந்து, செத்துட்டான்னு மேத்திராணியாருகிட்ட பொய் சொன்னான். சொன்னது அவன். வேற யாரும் இல்ல, அவன்தான். எழுதிட்டீங்களா?

எங்க, காட்டுங்க.

ஏன் தம்பி, பேருக்குப் பின்னாடி 'பிள்ளை'ய விட்டுட்டீங்களே.